"அப்படியே ரெக்கார்டு மாதிரி"

கும்மிடிப்பூண்டி பக்கத்து ஊர்களில் ஒரு மெல்லிசைக் குழுவுக்குக் கிடைக்கும் உச்சபட்சப் பாராட்டு ஒன்றுதான்: "அப்படியே ரெக்கார்டு மாதிரி இருந்துச்சு." இதைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சொல்லாவிட்டால் அடுத்த வருஷம் அட்வான்ஸ் வேறு குழுவுக்குப் போய்விடும். வேடிக்கை என்னவென்றால், இந்தக் குழுக்களைக் கேலி செய்பவர்கள் கையிலும் இதே அளவுகோல்தான் இருக்கிறது. ரெக்கார்டை அப்படியே வாசிக்கிறான், இதில் என்ன பெரிய கலை இருக்கு என்பார்கள். ஒரு தரப்புக்குப் பாராட்டு, இன்னொரு தரப்புக்குக் குற்றச்சாட்டு. வாக்கியம் ஒன்றே.

இரண்டு தரப்புமே ஒத்திகையைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். போன ஆடி மாதம் எளாவூருக்குப் பக்கத்தில் ஓர் அம்மன் கோயில் திருவிழாவுக்காகத் தயாரான சின்னக் குழு ஒன்றின் ஒத்திகைகளில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். பிறகு கச்சேரியையும் கேட்டேன். பதிவு செய்த பாட்டை மேடைக்குக் கொண்டுவரும் வேலையில் காப்பி என்பது எவ்வளவு, காப்பி அல்லாதது எவ்வளவு என்று யோசிக்கவே இந்தக் குறிப்பு.

ஊரும் பாட்டுப் பட்டியலும்

எளாவூரைத் தெரியாதவர்களுக்கு: சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த நிலையம். அதைத் தாண்டினால் ஆரம்பாக்கம், அப்புறம் தடா, அதாவது ஆந்திரா. நெடுஞ்சாலையில் ஓடும் லாரிக்காரர்களுக்கு எளாவூர் என்றால் சோதனைச்சாவடி. ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் பழவேற்காடு ஏரி. கச்சேரிக்கு முன்னால் உட்காரும் கூட்டமும் இதே மாதிரி கலவைதான். வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள், கம்பெனி ஷிப்ட் முடிந்து வரும் ஆட்கள், பின்வரிசையில் நின்றுகொண்டே பார்க்கும் வடமாநிலத்துப் பையன்கள்.

அதனால் பாட்டுப் பட்டியலே இங்கே ஒரு சிக்கலான வேலை. 'சலங்கை ஒலி' தெலுங்கில் 'சாகர சங்கமம்' (1983). 'இதயத்தைத் திருடாதே' தெலுங்கில் 'கீதாஞ்சலி' (1989). இரண்டுக்கும் இசை இளையராஜா. இந்த மாதிரிப் படங்களின் பாட்டென்றால் குழு பல்லவியைத் தமிழில் பாடி, ஒரு சரணத்தைத் தெலுங்கில் பாடுகிறது. கேட்க எளிதாகத் தெரியும். ஒத்திகையில்தான் விஷயம் புரிந்தது. தெலுங்கில் பெரும்பாலான சொற்கள் உயிரொலியில் முடியும். வரிக் கடைசியில் சுரத்தைத் தாராளமாக நீட்டலாம். தமிழில் ல், ன், ம் என்று மெய்யில் வாய் மூடிக்கொள்ளும் இடங்கள் நிறைய. பாடகி தமிழ்ச் சரணத்துக்குப் பழகிய இடத்திலேயே தெலுங்குச் சரணத்தையும் நிறுத்தினார். வரி பாதியில் அறுந்த மாதிரி இருந்தது. கீபோர்டுக்காரர் தன் பதில் இசையை அரை எண்ணிக்கை தள்ளி ஆரம்பித்து அதைச் சரி செய்தார். இப்படி இரண்டு மொழியை ஒரே பாட்டுக்குள் இணைத்த பதிவு எதுவும் அவர்கள் கையில் இல்லை. அங்கே காப்பியடிக்க எதுவுமே கிடையாது.

ரெக்கார்டு என்பது என்ன?

கர்நாடகக் கச்சேரியில் தியாகராஜர் கீர்த்தனை பாடுபவரிடம் "ரெக்கார்டு மாதிரி பாடுங்க" என்று யாரும் கேட்பதில்லை. பாடாந்தரத்துக்குப் பாடாந்தரம் சங்கதிகள் மாறும். நிரவலும் சுரமும் அன்றைக்கு அங்கே பிறப்பவை. எந்தப் பதிவும் அந்தக் கீர்த்தனையின் மூலப்பிரதி ஆகிவிடாது.

சினிமாப் பாட்டு வேறு ஜாதி. அதில் மெட்டும் வரியும் பாதிதான். முகப்பு இசை, இடையிசை, டோலக் எந்த இடத்தில் உள்ளே வருகிறது, பேஸ் கிடார் எங்கே ஒரு படி இறங்குகிறது, எல்லாமே பாட்டுதான். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' பாட்டை அந்தக் கிடார் இல்லாமல் பாடினால் கூட்டம் அதை வேறு பாட்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே "ரெக்கார்டு மாதிரி" வேண்டும் என்று கேட்கும் ரசிகரை ரசனை இல்லாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தக் கலையில் பதிவுதான் மூலப்பிரதி என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அந்த மூலப்பிரதி எப்படி உண்டானது என்று பார்த்தால் இன்னொரு கதவு திறக்கிறது. ஒரு காலத்தில் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் ஸ்டூடியோவில் கூடி, ஒத்திகை பார்த்து, முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள். கடைசி வரியில் யாராவது ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அந்தப் பாட்டுகள் நிஜமாகவே ஒரு நாள் ஓர் அறையில் முழுசாக நிகழ்ந்தவை. பல தடப் பதிவு வந்த பிறகு நிலைமை மாறியது. தாளம் ஒரு நாள், வயலின் ஒரு நாள், பாடகர் தனியாக, பாடகி தனியாக. 1992-இல் 'ரோஜா' வந்ததற்குப் பிறகு, ஏ.ஆர். ரஹ்மானின் பஞ்சதன் ஸ்டூடியோவில் பாடகர்கள் தனித்தனியே வந்து பலவிதமாகப் பாடிவிட்டுப் போவதும், அதில் எந்தத் துண்டு பாட்டில் நிற்கும் என்று பாடியவருக்கே பாட்டு வெளிவரும்போதுதான் தெரியும் என்பதும் எல்லோரும் அறிந்த கதை.

அப்படியென்றால் இப்படிச் செய்த ஒரு டூயட்டில் அந்த இரண்டு குரல்களும் சந்தித்ததே இல்லை. பாட்டு ஒரு முழு நிகழ்வாக எங்கேயும் நடக்கவில்லை. பீட்டில்ஸ் குழுவினர் 1966 ஆகஸ்டில் சுற்றுப்பயணக் கச்சேரிகளை நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் வந்த 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தை அவர்கள் ஒரு குழுவாக மேடையில் வாசிக்கவே இல்லை. மற்றவர்கள்தான் அதை மேடையேற்றினார்கள். நம்மூர் ஆர்கெஸ்ட்ராவின் நிலையும் பல பாட்டுகளில் அதுதான். பாட்டைப் பதிவு செய்தவர்கள் சேர்ந்து செய்யாத ஒன்றை ஆடித் திருவிழா மேடையில் ஒன்பது பேர் சேர்ந்து செய்கிறார்கள். பதிவு முன்னால் வந்தது, நிகழ்வு பின்னால் வருகிறது. இதைக் காப்பி என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

ஒத்திகையில் கண்டது

குழு சின்னது. இரண்டு கீபோர்டு, ஒரு கிடார், ஒரு பேஸ், தபேலா-டோலக்குக்கு ஒருவர், ரிதம் பேடுக்கு ஒரு பையன், மூன்று பேர் பாடகர்கள். முதல் கீபோர்டுக்காரர்தான் தலைவர், எல்லோருக்கும் அண்ணன். ஸ்டூடியோவில் வாத்தியக்காரர்கள் முன்னால் இசையமைப்பாளர் எழுதிய நொட்டேஷன் இருக்கும். இவர்களிடம் காதும், போனில் இருக்கும் பாட்டும், வரிகளும் கார்டுகளும் எழுதிய ஒரு லாங் சைஸ் நோட்டும்தான்.

'தளபதி' (1991) படத்தின் 'ராக்கம்மா கையத் தட்டு' பட்டியலில் இருந்தது. 2002-இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் உலகின் முதல் பத்துப் பாடல்களில் நாலாம் இடம் பிடித்த பாட்டு. முகப்பில் வயலின் கூட்டம் பாய்ந்து வரும். இவர்களிடம் வயலினே கிடையாது. கீபோர்டில் வயலின் தொனி இருக்கிறது. ஆனால் அது மெல்ல எழும் தொனி. வேகமான வில் வீச்சு அதில் குழைந்து கஞ்சியாகிவிடுகிறது. மூன்று தடவை வாசித்துப் பார்த்துவிட்டு அண்ணன் ஒரு காரியம் செய்தார். கிடாரை அதே வரியைக் கீழ் ஸ்தாயியில் வெட்டி வெட்டி வாசிக்கச் சொன்னார். கீபோர்டு மேலே உடம்பு மாதிரி பரவ, கிடார் ஒவ்வொரு சுரத்துக்கும் பல் மாதிரி விளிம்பு கொடுத்தது. தனியாகக் கேட்டால் அது வயலின் ஓசையே இல்லை. கச்சேரியில் அந்த முகப்பு வந்ததும் கூட்டம் விசிலடித்தது. பக்கத்திலிருந்த பெரியவர் என்னிடம் சொன்னது: "அப்படியே ரெக்கார்டுப்பா."

எனக்கு இது முக்கியமாகப் பட்டது. ரெக்கார்டு மாதிரி என்று அவர் சொன்னது தட்டில் பதிந்திருக்கும் ஒலியை அல்ல. முப்பது வருஷமாகப் பஸ்ஸிலும் டீக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் கேட்டு அவர் மனசில் தங்கிய ஒன்றை. அதில் வயலினின் தொனி அவ்வளவாக இல்லை, அந்த வெட்டு இருக்கிறது. ஒரு பாட்டில் ஊர் எதை நினைவில் வைத்திருக்கிறது, எதை மறந்துவிட்டது என்று கண்டுபிடிக்கும் வேலைதான் ஒத்திகை. நல்ல விமர்சகன் செய்ய வேண்டிய வேலை அது. அண்ணன் அதை வாத்தியத்தால் செய்கிறார்.

இன்னொரு சமாச்சாரம், முடிவு. சினிமாப் பாட்டு ஏராளமாக மெல்லத் தேய்ந்து மறையும். ஸ்டூடியோவில் ஒலியைக் கீழே இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. மேடையில் அப்படித் தேய முடியாது. பேட் வாசிக்கும் பையன் கேட்டான்: "அண்ணே, இது அப்படியே தேஞ்சு போவுதே, நம்ம எங்கண்ணே நிறுத்துறது?" தபேலாவில் ஒரு முத்தாய்ப்பு வைத்து முடிக்கலாம் என்றார் ஒருவர். எல்லோரும் ஒரே அடியில் நிறுத்தலாம் என்றார் இன்னொருவர். கடைசியில், வாத்தியம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ள, பல்லவியின் முதல் வரியைப் பாடகி மட்டும் தனியாகப் பாடி முடிப்பது என்று தீர்மானம் ஆனது. தேய்ந்து போவது என்ற உணர்வு தப்பவில்லை, பாட்டுக்கும் ஒரு வாசல் கிடைத்தது. இசையமைப்பாளர் எழுதாத ஒரு முடிவை எளாவூர் பக்கத்து மாடி அறை ஒன்றில் எழுதினார்கள். யாரும் அதை இசையமைப்பு என்று சொல்லிக்கொள்ளவில்லை.

கச்சேரியில் நின்றதும் விழுந்ததும்

எல்லாம் நன்றாக இருந்தது என்று எழுதினால் அது விமர்சனம் ஆகாது. 'இளைய நிலா' எனக்கு ஏமாற்றம். கிடார்க்காரர் பதிவின் ஒவ்வொரு சுரத்தையும் மனப்பாடம் செய்திருந்தார். பாடகருக்காகச் சுருதியை அரைக்கட்டை இறக்கியிருந்தார்கள். கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டினால் போதும். கிடாரில் கம்பியை இறக்க வேண்டும், இல்லையென்றால் விரல் வைக்கும் இடத்தை மாற்ற வேண்டும். அவர் விரலை மாற்றிப் பழகியிருந்தார். ஒரு சுரமும் தவறவில்லை. ஆனால் தவறிவிடக் கூடாது என்ற கவனம் மட்டுமே காதில் விழுந்தது. பாடகர் வரியை லேசாக இழுத்தால் கிடார் காத்திருக்கவில்லை. பாட்டு ஒரு பரீட்சை ஆகிவிட்டது. கைதட்டலும் பாஸ் மார்க் போட்ட மாதிரிதான் வந்தது. 'ராக்கம்மா'வில் சுரத்தை மாற்றினார்கள், பாட்டு கிடைத்தது. இதில் சுரம் கிடைத்தது, பாட்டு நழுவியது.

'கேளடி கண்மணி' (1990) படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய 'மண்ணில் இந்தக் காதலன்றி' இன்னொரு சிக்கல். மூச்சே விடாமல் பாடுவதாகத் தோன்றும் சரணங்கள். பதிவில் மூச்சு எங்கே என்று கேட்பவருக்குத் தெரியாது. மேடையில் பாடகரின் தோள் ஏறி இறங்குவது எல்லோருக்கும் தெரியும். இந்தக் குழு அதைச் சாமர்த்தியமாகச் சமாளித்தது. இரண்டாவது பாடகர் மேடை ஓரத்தில் நின்று பாதிப் பாதி வரிகளை வாங்கிக்கொண்டார். இரண்டு குரலும் நெருக்கம், பின்வரிசைக்குத் தெரிந்திருக்காது. பலத்த கைதட்டல். எனக்கு மட்டும் ஒரு குறை. அந்தப் பாட்டின் உயிர் அதன் ஆபத்தில் இருக்கிறது. முடிப்பாரா, நடுவில் விட்டுவிடுவாரா என்று கேட்பவரின் மூச்சும் சேர்ந்து நிற்க வேண்டும். பதிவில் அந்த ஆபத்து ஒரு கற்பனை, மேடையில் அது நிஜம். நிஜமாகக் கிடைத்ததை ஒளித்து வைத்துவிட்டு, பதிவிலிருக்கும் வழவழப்பை எடுத்துக்கொண்டார்கள். ஒரு இடத்தில் வெளிப்படையாக மூச்சு வாங்கிப் பாடியிருந்தால் கூட்டம் இன்னும் நெருங்கி வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இதற்கு நேர் எதிராக ஒரு நிமிஷம். ஒன்பது மணி சுமாருக்கு அம்மன் ஊர்வலம் தெரு முனைக்கு வந்துவிட்டது. பம்பையும் உடுக்கையும் நெருங்க, நாலைந்து பெண்களுக்கு அருள் வந்துவிட்டது. பாட்டு அப்போது நடுச் சரணத்தில். அண்ணன் தலையை அசைத்தார். பேஸ் நின்றது, கீபோர்டு நின்றது, தபேலா மட்டும் பல்லவி வரியைச் சுமந்து இரண்டு சுற்று போய் அடங்கியது. பம்பைக்காரர்கள் மேடையைக் கடந்து போகும்வரை எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அப்புறம் அதே சரணத்தை மறுபடி எடுத்தார்கள். இந்த இறக்கத்தை யாரும் குறிப்பாக ஒத்திகை பார்க்கவில்லை. ஆனால் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து வாசிக்கும் பழக்கம் ஒத்திகையில்தான் வந்தது.

ட்ராக் போட்டால் என்ன?

அதே மாதம் பக்கத்து ஊர் ஒன்றில் வேறு கச்சேரி. இரண்டு பாடகர்கள், ஒரு லேப்டாப், பெரிய ஸ்பீக்கர்கள். மைனஸ் ஒன் ட்ராக் ஓட, மேலே குரல். ஓசை துல்லியம். வயலின் வயலினாகவே கேட்டது. ரெக்கார்டு மாதிரி என்ற அளவுகோலை நேர்மையாக வைத்தால் இந்தக் கச்சேரிக்குத்தான் முதல் பரிசு.

விழாக் கமிட்டியைக் குறை சொல்லவும் முடியவில்லை. வசூல் குறைவு, ஒன்பது பேருக்குப் பதில் இரண்டு பேருக்குச் சம்பளம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை, விசேஷ அனுமதி கிடைத்தால்தான் நள்ளிரவு வரை. ட்ராக் என்றால் சவுண்ட் செக் பத்து நிமிஷம். ஒரு மணி நேரத்தில் கூடுதலாக நாலு பாட்டு. கணக்கு சரிதான். நான் சொன்ன குழுவும் சில பாட்டுக்குப் பேடில் தாள லூப் ஓட்டியது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஏனென்றால் அந்த லூப்பை நிறுத்த ஒரு கை பக்கத்தில் இருந்தது.

லேப்டாப் கச்சேரியில் பாடகி ஒரு சரணத்தை ஒரு தாளம் முன்னாலேயே எடுத்துவிட்டார். குழுவாக இருந்தால் தபேலாக்காரர் ஒரு புன்னகையோடு அவரைப் பிடித்துக்கொண்டிருப்பார், கூட்டத்துக்குத் தெரிந்தே இருக்காது. ட்ராக் தன் பாட்டுக்குப் போனது. அவர் அதைத் துரத்தினார். இரண்டு வரி தாண்டித்தான் பிடிக்க முடிந்தது. சாமி வந்திருந்தால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? பாட்டை அணைத்திருப்பார்கள். அடக்குவதற்கும் அணைப்பதற்கும் நடுவே இருக்கிற வித்தியாசம்தான் நான் இங்கே சொல்ல வருவது.

2017-இல் எஸ்.பி.பி.யின் உலகச் சுற்றுப்பயணத்தின்போது, தன் பாடல்களை அனுமதியில்லாமல் மேடையில் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. பாட்டு யாருக்குச் சொந்தம், பணம் யாருக்குப் போக வேண்டும் என்று ஊரே விவாதித்தது. நியாயமான கேள்விகள்தான். ஆனால் மேடையில் ஒரு பாட்டுக்கு என்ன நடக்கிறது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் எழவே இல்லை. அந்த இருவருக்கும் மேடை அந்நியமும் இல்லை. இளையராஜா சிறுவயதிலேயே அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். பிறகு சென்னையில் எஸ்.பி.பி.யின் மெல்லிசைக் குழுவில் அவரும் தம்பி கங்கை அமரனும் வாசித்தார்கள். 'அன்னக்கிளி' 1976-இல்தான் வந்தது. அதற்கு முன்பு பல வருஷம் மேடை. அதாவது, இன்றைக்கு எளாவூரில் ஒருவர் போனைக் காதில் வைத்துக் கேட்டுக் கேட்டுப் பிரித்து எழுதும் அந்த இசையைச் செய்தவரே ஒரு காலத்தில் மேடைக் குழுவின் ஆள். எஸ்.பி.பி. 2020 செப்டம்பரில் அடக்கமானதும் இதே திருவள்ளூர் மாவட்டத்துத் தாமரைப்பாக்கத்தில்.

ஒன்பது பேர் குழு போய் லேப்டாப் வந்தால் ஏழு பேருடைய கூலி போகிறது. அது கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம். அதோடு, "அண்ணே, எங்க நிறுத்துறது?" என்று ஒரு பையன் கேட்கும் இடமும் போகிறது. ட்ராக் போட்டுப் பாடும் இடத்தில் அந்தக் கேள்வியே எழாது. முடிவு ஏற்கெனவே அதில் இருக்கிறது.

ஆகவே ரசிகர்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். ஆர்கெஸ்ட்ரா கேட்கும்போது முகப்பு இசையைப் பதிவோடு ஒப்பிட்டு மார்க் போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். பாடகர் வரியை இழுத்தால் வாத்தியம் காத்திருக்கிறதா, இல்லாத வாத்தியத்துக்குப் பதில் எதை வைத்திருக்கிறார்கள், தேய்ந்து போகிற பாட்டை எப்படி முடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். பிடித்திருந்தால், கச்சேரி முடிந்து வயர் சுற்றிக்கொண்டிருக்கும் கீபோர்டுக்காரரிடம் போய், "அந்த முடிவு நல்லா இருந்துச்சுண்ணே, யாரோட ஐடியா?" என்று கேளுங்கள். ரெக்கார்டில் இல்லாத ஒன்றைக் கேட்டதாக அவரிடம் யாரோ ஒருவர் சொல்ல வேண்டும்.